கமிட்டை எந்த வடிவத்தில் சேர்ப்பது: விழுந்தபடியா, ஒன்றாக்கியா, பிரித்தடுக்கியா?

கோத்தகிரியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கணக்கு மென்பொருள் எழுதிவருகிறோம். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலையை எடை போட்டு, சாக்கு எடையும் ஈரமும் கழித்து, அந்த மாத விலைக்கு யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று சொல்வது அதன் வேலை. புதிய பதிப்பைத் தொடங்குமுன் ஒரு விஷயத்தை முடிவு செய்தாக வேண்டியிருந்தது. கோடின் மாற்றங்களை வரலாறாகச் சேமித்து வைக்கும் கிட் என்ற கருவியைப் பயன்படுத்துகிறோம். அதில் ஒவ்வொரு சேமிப்பும் ஒரு கமிட், ஒருவர் தனியாக வேலை செய்யும் கிளை பிராஞ்ச், எல்லோருக்கும் பொதுவான கிளை மெயின். ஒருவர் தன் பிராஞ்சில் செய்த வேலை மெயின் பிராஞ்சுக்குள் எந்த வடிவத்தில் போக வேண்டும்?

வழிகள் மூன்று. பிராஞ்சில் விழுந்த கமிட்டுகளை விழுந்தபடியே மெர்ஜ் செய்யலாம், அதாவது மெயினோடு இணைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே கமிட்டாக ஸ்குவாஷ் செய்து சேர்க்கலாம். அல்லது சேர்க்குமுன் ரீபேஸ் செய்து, அதாவது கமிட்டுகளை மாற்றி எழுதி, ஒரு காரியத்துக்கு ஒரு கமிட் என்று பிரித்தடுக்கிச் சேர்க்கலாம். குழுவின் கோடை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தின் மெர்ஜ் பொத்தானிலும் மூன்று தெரிவுகள் உண்டு. ஆனால் அதிலுள்ள 'ரீபேஸ் அண்ட் மெர்ஜ்' நான் சொல்லும் மூன்றாவது வழி ஆகாது. அது கமிட்டுகளை எடுத்து மெயினின் நுனியில் வரிசையாக வைக்கும், அவ்வளவுதான். கலந்துகட்டிக் கிடந்தால் கலந்துகட்டியே வைக்கும். பிரித்தடுக்கும் வேலையை ஆள் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும்.

இதைப் பற்றிப் பேசும்போது பலரும் வரலாறு அழகாக இருக்க வேண்டும் என்ற இடத்திலிருந்து தொடங்குவார்கள். அழகு எனக்கு இரண்டாம்பட்சம். ஒரு கமிட்டை நாம் மறுபடி எப்போது திறந்து பார்க்கிறோம் என்பதிலிருந்து தொடங்கினால் முடிவெடுப்பது எளிது. ரிவ்யூ செய்பவர் ஒருமுறை படிக்கிறார். பக் வந்தால் அது எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று பைசெக்ட் போட்டுத் தேடுகிறோம். மாற்றம் சரிவரவில்லை என்றால் ரிவர்ட் செய்து அதைத் திரும்பப் பெறுகிறோம். ஒரு வருடம் கழித்து, இந்த வரி ஏன் இப்படி இருக்கிறது என்று, அதைக் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் பிளேம் போட்டுப் பார்க்கிறோம். இந்த நாலு வேளைக்கும் உதவும் கமிட்டே நல்ல கமிட்.

மழையும் மின்சாரமும்

மலைக்கென்று ஒரு விஷயத்தை இங்கே சேர்க்க வேண்டும். ஜூனில் கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் நனைக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதை இங்கே யாரும் மறக்கவில்லை. அவ்வளவு வேண்டாம், சாதாரண மழைக்கே மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எங்களில் ஒருவர் கூடலூர் பக்கம் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். நெட் இல்லாத அரைநாள் அவருக்குப் புதிதல்ல.

இப்படிப்பட்ட இடத்தில் 'வேலை முழுதாக முடிந்த பிறகு மட்டும் கமிட் செய்' என்று விதி போட்டால் அது ஒரு வாரம்கூடத் தாங்காது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதியபோதே, ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும்படிதான் அமைத்தார். கமிட் செய்ய நெட் தேவையில்லை. அந்த வசதியைக் கூச்சப்படாமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். பாதியில் நிற்கும் கோடா, கமிட் செய்யுங்கள். டெஸ்ட் ஓடவில்லையா, பரவாயில்லை, கமிட் செய்யுங்கள். சாயங்காலம் நெட் கிடைக்கும்போது உங்கள் சொந்த பிராஞ்சுக்கு புஷ் செய்து, அதாவது சர்வருக்கு அனுப்பிவிடுங்கள். கமிட்டோடு எழுதும் செய்திக்கு 'இடையில்' என்று ஒரு சொல் போட்டால்கூடப் போதும்.

ஆக, வேலையைப் பத்திரப்படுத்தும் கமிட் ஒன்று இருக்கிறது. மற்றவர்கள் படிப்பதற்கான கமிட் இன்னொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே கமிட்டாகச் செய்யப் பார்ப்பதால்தான் பெரும்பாலான சிக்கல் வருகிறது. மூன்று வழிகளையும் இந்த இரண்டு தேவைகளை வைத்தே அளந்தோம்.

விழுந்தபடி சேர்த்தால்

இதற்கு ஒரு நேர்மையான ஆதரவு வாதம் உண்டு. நடந்தது நடந்தபடி பதிவாகிறது, யாரும் எதையும் மாற்றி எழுதவில்லை, கமிட்டுகளின் அடையாளக் குறியான ஹேஷ்கள் மாறுவதில்லை. ரீபேஸ் தெரியாதவரும் பயமின்றி வேலை செய்யலாம்.

ஆனால் 'இடையில்', 'இடையில் 2', 'டைப்போ', 'இப்ப சரியா வருதா பாரு' என்று பதினைந்து கமிட்டுகள் மெயினுக்குள் வந்துவிட்டால் பைசெக்ட் திணறும். பைசெக்ட் பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடுகிறது. 1,000 கமிட்டுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் பக்கை ஏறக்குறைய பத்தே சோதனையில் பிடித்துவிடும். ஆனால் அது நிறுத்தும் ஒவ்வொரு கமிட்டிலும் மென்பொருள் ஓட வேண்டும். ஓடாத கமிட்டில் நின்றால் 'ஸ்கிப்' சொல்லித் தாண்டலாம். அப்படித் தாண்டித் தாண்டிப் போனால் கடைசியில் 'இந்த ஆறில் ஏதோ ஒன்று' என்று கைவிரித்துவிடும். கிட் 2.29-இலிருந்து பைசெக்டுக்கு 'ஃபர்ஸ்ட் பேரன்ட்' என்ற தெரிவு இருக்கிறது. அது பிராஞ்சின் உள்ளே போகாமல், பிராஞ்சை இணைத்ததைப் பதியும் மெர்ஜ் கமிட்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டு போகும். நல்ல கருவிதான். ஆனால் அது காட்டுவது 'இந்த பிராஞ்சில் இருக்கிறது' என்பது வரைதான். உள்ளே நுழைந்தால் மறுபடி அதே பதினைந்து.

பிளேம் இன்னும் மோசம். ஒரு வரி ஏன் மாறியது என்று கேட்டால் 'டைப்போ' என்று பதில் வரும். இந்த வழியை நாங்கள் அதிக நேரம் பேசவில்லை.

ஒன்றாக்கினால்

உண்மையான போட்டி ஸ்குவாஷுக்கும் பிரித்தடுக்கலுக்கும் இடையில்தான். எங்கள் குழுவின் இளையவள் ஸ்குவாஷ் பக்கம் உறுதியாக நின்றாள். "அண்ணா, மூணு கமிட்டா பிரிச்சு உக்காந்து எழுதுற நேரத்துல நான் அடுத்த வேலையில பாதி முடிச்சிருவேன். ஒரு பொத்தானை அழுத்தினா முடியுற விஷயம் இது" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் நிறைய இருக்கிறது.

ஸ்குவாஷில் மெயினின் வரலாறு ஒரே நேர்கோடாக இருக்கும். ஒவ்வொரு கமிட்டும் ரிவ்யூ முடிந்து, டெஸ்ட் ஓடிய நிலை என்று நம்பலாம். எனவே பைசெக்ட் எங்கே நின்றாலும் மென்பொருள் ஓடும். ரிவர்ட் செய்வதும் மிக எளிது. ஒரு மெர்ஜ் கமிட்டை ரிவர்ட் செய்ய வேண்டுமானால் எந்தப் பக்கம் மெயின் என்று கிட்டுக்குச் சொல்ல வேண்டும். பிறகு அதே பிராஞ்சைத் திருத்தி மறுபடி மெர்ஜ் செய்தால் பழைய மாற்றங்கள் திரும்பி வராது. முதலில் செய்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்தால்தான் வரும். இது தெரியாமல் விழிப்பவர்கள் ஏராளம். ஸ்குவாஷ் கமிட்டில் இந்தத் தலைவலி கிடையாது. முக்கியமாக, பிராஞ்சுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் கிறுக்கிக்கொள்ளலாம். மழைக்கால கமிட்டுகளுக்கு இதைவிட ஏற்ற வழி இல்லை என்றே முதலில் தோன்றும்.

குறைகளில் சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்குவாஷ் செய்த பிறகு பழைய பிராஞ்சை அழிக்கப் போனால் 'முழுதாக மெர்ஜ் ஆகவில்லை' என்று கிட் மறுக்கும். மெயினில் இருப்பது வேறு கமிட், பிராஞ்சில் இருப்பது வேறு கமிட் என்பதே அதன் கணக்கு. கட்டாயப்படுத்தி அழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த பிராஞ்சின் மேல் இன்னொருவர் தன் பிராஞ்சைக் கட்டியிருந்தால் அது சின்ன விஷயமில்லை. அவருடைய பிராஞ்சில் பழைய கமிட்டுகள் இருக்கும், மெயினில் அதே மாற்றங்கள் வேறு உருவத்தில் இருக்கும், கிட்டால் தானாக இணைக்க முடியாத, தேவையே இல்லாத கான்ஃப்ளிக்ட் வரும். நாலு பேர் ஒரே எடைக் கணக்கைச் சுற்றி வேலை செய்யும்போது இப்படி ஒன்றின் மேல் ஒன்று கட்டுவது அடிக்கடி நடக்கும்.

பெரிய குறை, பல காரியங்கள் ஒரே கமிட்டில் கலந்துபோவது. பழைய பதிப்பில் ஒரு பக் வந்தது. மாதப் பட்டியலில் சிலருக்குச் சில்லறை குறைந்தது. 37.6 கிலோ இலைக்கு 5 சதவீதம் ஈரம் கழித்தால் 35.72 கிலோ. கிலோ 22 ரூபாய் 50 பைசா என்று வைத்துக்கொண்டால் 803 ரூபாய் 70 பைசா வர வேண்டும். எடையை முதலில் 35.7 என்று சுருக்கிவிட்டு அப்புறம் விலையைப் பெருக்கினால் 803 ரூபாய் 25 பைசாதான் வரும். ஒரு தடவைக்கு 45 பைசா. மாதம் முழுக்க இலை கொடுப்பவருக்கும், இப்படி நூற்றுக்கணக்கான பேருக்குப் பட்டியல் போடும் ஃபேக்டரிக்கும் இது சில்லறை இல்லை. பட்டியல் கையில் கிடைத்ததும் ஒவ்வொரு வரியையும் கூட்டிப் பார்க்கும் பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும்போது சரியான பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

அந்த பக் நுழைந்த கமிட்டை பைசெக்ட் சில நிமிடங்களில் பிடித்துவிட்டது. பிடித்தது ஒரு ஸ்குவாஷ் கமிட். 'கொள்முதல் மையம் வாரியாக ஈரக்கழிவு' என்பது தலைப்பு. உள்ளே பதினோரு ஃபைல்கள். புதிய அம்சம், ஃபங்ஷன் பெயர் மாற்றம், எடிட்டர் தானாக இடைவெளி சரிசெய்த நூற்றுக்கணக்கான வரிகள், இவற்றுக்கு நடுவே ரவுண்டிங் நடக்கும் இடத்தை நகர்த்திய ஒரே ஒரு வரி. தேடல் முடிந்த இடத்திலிருந்து இன்னொரு தேடல் தொடங்கியது. அந்த வரியை ஏன் நகர்த்தினார்கள் என்று செய்தியில் ஒரு வார்த்தையும் இல்லை. ரிவர்ட் செய்யவும் வழியில்லை, ஏனென்றால் ரிவர்ட் செய்தால் மையம் வாரிக் கழிவும் சேர்ந்து போய்விடும்.

பிரித்தடுக்கினால்

அதே வேலையைப் பிரித்தடுக்கும் முறையில் செய்தால் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் திரையில் செய்து காட்டினோம். ஃபைல்களில் எல்லா மாற்றமும் கலந்து கிடக்கிறது. கிட் ஆட் கட்டளையை பேட்ச் தெரிவோடு ஓட்டினால், மாற்றங்களைத் துண்டு துண்டாக எடுத்து வந்து ஒவ்வொன்றுக்கும் 'இதைச் சேர்க்கட்டுமா?' என்று கேட்கும். ஒய் என்றால் சேர், என் என்றால் விடு. ஒரு துண்டுக்குள்ளேயே பெயர் மாற்றமும் ரவுண்டிங் வரியும் அடுத்தடுத்து இருந்தால் எஸ் அழுத்தி இன்னும் சிறியதாக உடைக்கலாம். நடுவில் மாறாத வரி ஒன்றாவது இருந்தால்தான் அது உடையும். ஒட்டியபடி இருந்தால் ஈ அழுத்தி அந்தத் துண்டையே எடிட்டரில் திறந்து, வேண்டாத வரியை எடுத்துவிடலாம். முதல் தடவை இது கையைப் பிசகவைக்கும். இரண்டு மூன்று முறை செய்தால் பழகிவிடும்.

முதல் சுற்றில் இடைவெளி மாற்றங்கள் மட்டும். அது ஒரு கமிட். அந்த கமிட்டின் ஹேஷை ஒரு ஃபைலில் எழுதி வைத்து, பிளேம் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும்படி சொல்லலாம். கிட் 2.23-இலிருந்து இந்த வசதி இருக்கிறது. அடுத்து பெயர் மாற்றம். அதற்கடுத்து ரவுண்டிங் வரி, அதோடு சேர்ந்த டெஸ்ட், ஏன் என்று சொல்லும் செய்தி. கடைசியில் புதிய அம்சம்.

ஃபைலை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவதாக இருந்தால் அதை அவசியம் தனி கமிட்டாக வையுங்கள். கிட் 'நகர்த்தினேன்' என்று எங்கும் எழுதி வைப்பதில்லை. பழைய ஃபைலும் புதிய ஃபைலும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பின்னால் பார்த்துத்தான் ஊகிக்கிறது. வழக்கமான அளவுகோல் 50 சதவீதம். நகர்த்திய கையோடு உள்ளேயும் பாதிக்கு மேல் மாற்றி எழுதினால் அந்த ஃபைலின் பழைய வரலாறு தொடர்பறுந்து போகும்.

இந்த வழியில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டும் கமிட் உங்கள் ஃபோல்டரில் அந்த உருவத்தில் ஒருபோதும் இருந்ததே இல்லை. டெஸ்ட் ஓடியது எல்லா மாற்றமும் சேர்ந்த நிலையில். பிரித்த கமிட் தனியாக ஓடுமா என்பது யாருக்கும் தெரியாது. ஓடாவிட்டால் பைசெக்டுக்கு மறுபடி அதே தொல்லை. இதற்கு இரண்டு வழி உண்டு. கமிட் செய்யுமுன், ஸ்டேஜ் செய்ததை, அதாவது கமிட்டுக்கென எடுத்து வைத்ததை மட்டும் விட்டுவிட்டு, மீதியை ஸ்டாஷ் என்ற தற்காலிக இடத்தில் போட்டு டெஸ்ட் ஓட்டலாம். ஸ்டாஷில் 'கீப் இண்டெக்ஸ்' என்ற தெரிவு இதற்காகவே இருக்கிறது. புதிதாக உருவாக்கி இன்னும் சேர்க்காத ஃபைல்களை அது தானாக எடுக்காது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அல்லது எல்லாம் பிரித்த பிறகு, ரீபேஸில் 'எக்ஸெக்' தெரிவோடு டெஸ்ட் கட்டளையைக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு கமிட்டாக நின்று டெஸ்ட் ஓட்டும். எங்கே உடைகிறதோ அங்கேயே நிற்கும், அந்த இடத்திலேயே திருத்திவிட்டுத் தொடரலாம். நாங்கள் இரண்டாவதையே எடுத்துக்கொண்டோம். மனிதர் மறந்தாலும் இயந்திரம் மறக்காது என்பதால்.

ரீபேஸ் என்றாலே வேலை தொலைந்துவிடும் என்ற பயம் பலருக்கும் உண்டு. கமிட் செய்த எதுவும் அவ்வளவு சீக்கிரம் தொலையாது. நாம் இப்போது நிற்கும் கமிட்டைச் சுட்டும் ஹெட் போய்வந்த இடமெல்லாம் ரெஃப்லாக் என்ற குறிப்பேட்டில் பதிவாகிறது. ரீபேஸில் கைவிடப்பட்ட கமிட்டுகளுக்கான பதிவுகூட இயல்பான அமைப்பில் 30 நாள் இருக்கும். அதற்குள் பழைய ஹேஷைப் பிடித்துத் திரும்பிவிடலாம். கமிட்டே செய்யாத மாற்றத்துக்குத்தான் இந்தப் பாதுகாப்பு இல்லை. அடிக்கடி கமிட் செய்யுங்கள் என்று மேலே சொன்னதற்கு மழை மட்டுமே காரணமல்ல.

நாங்கள் எடுத்த முடிவு

சொந்த பிராஞ்சில் யார் எப்படி வேண்டுமானாலும் கமிட் செய்யலாம், யாரும் கேட்க மாட்டோம். ரிவ்யூ கேட்பதற்கு முன் எழுதியவரே ரீபேஸ் செய்து ஒழுங்குபடுத்த வேண்டும். பிராஞ்ச் முழுக்க ஒரே காரியம்தான் என்றால் ஸ்குவாஷ் பொத்தான் போதும். இளையவளின் வாதம் அங்கே முழுக்கச் செல்லும், ஒரு எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கு ரீபேஸ் சடங்கு வேண்டியதில்லை. இரண்டு காரியம் இருந்தால் பிரித்தடுக்கி, மெர்ஜ் கமிட்டோடு சேர்க்க வேண்டும். மெர்ஜ் கமிட் இருப்பதால் ஃபர்ஸ்ட் பேரன்ட் வரிசையில் மேலோட்டமாகவும் பார்க்கலாம், உள்ளே போய் ஒவ்வொன்றாகவும் பார்க்கலாம். எது ஒரு காரியம் என்று குழப்பம் வந்தால், 'இதை மட்டும் தனியாக ரிவர்ட் செய்ய வேண்டி வருமா?' என்று கேட்டுக்கொள்கிறோம். ஆமென்றால் அது தனி கமிட். ஃபேக்டரியின் பணக் கணக்கைத் தொடும் எந்த வரியும் எப்போதும் தனி கமிட்தான், விதிவிலக்கு கிடையாது.

ரிவ்யூ நடந்துகொண்டிருக்கும்போது பழைய கமிட்டுகளை மாற்றி எழுதக் கூடாது என்பதிலும் உறுதியாக இருக்கிறோம். படித்து முடித்தவருக்கு எது மாறியது என்று தெரியாமல் போய்விடும். அவர் சொன்ன திருத்தத்தை 'ஃபிக்ஸப்' கமிட்டாக மேலே சேர்க்க வேண்டும். அவர் சரி சொன்ன பிறகு 'ஆட்டோஸ்குவாஷ்' தெரிவோடு ரீபேஸ் செய்தால் ஒவ்வொரு ஃபிக்ஸப்பும் தனக்குரிய கமிட்டுக்குள் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். வரலாறு மாறிவிட்டதால் பிறகு கட்டாயப்படுத்தித்தான் புஷ் செய்ய வேண்டும். அப்போது வெறும் 'ஃபோர்ஸ்' கூடாது, 'ஃபோர்ஸ் வித் லீஸ்' தான். நடுவில் வேறொருவர் அதே பிராஞ்சில் எதையாவது போட்டிருந்தால் அது தடுத்து நிறுத்தும்.

செய்தியை எந்த மொழியில் எழுதுவது என்பதற்கு அதிகம் யோசிக்கவில்லை. கணக்கின் காரணத்தைச் சொல்லும் இடத்தில் தமிழில்தான் எங்களுக்குத் தெளிவாக வருகிறது. கிட் செய்திகளை, எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூடிஎஃப்-8 ஆகவே வைத்துக்கொள்வதால் தமிழில் எழுதத் தடை ஏதுமில்லை. முதல் வரி சுமார் 50 எழுத்து, ஒரு வெற்று வரி, பிறகு விளக்கம் என்ற வழக்கத்தில் அந்த 50-ஐ மட்டும் கறாராகப் பார்ப்பதில்லை. தமிழில் ஒரு எழுத்தே இரண்டு குறியீடாகச் சேமிக்கப்படலாம், கருவிகள் எண்ணும் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும் எழுத்தோடு பொருந்தாது. ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்தால் கிட் ஸ்டேட்டஸில் பெயருக்குப் பதிலாகப் பின்சாய்வுக் கோடும் எண்களுமாகத் தெரியும். 'கோர் க்வோட்பாத்' அமைப்பை ஃபால்ஸ் என்று வைத்தால் தமிழிலேயே காட்டும்.

இதோடு ஆட்டோஸ்குவாஷ் எப்போதும் இயங்கும்படியும், கமிட் செய்தி எழுதும் திரையிலேயே, மாறிய வரிகளைக் காட்டும் டிஃப் முழுதாகத் தெரியும்படியும் அமைத்திருக்கிறோம். இரண்டாவதைக் கட்டாயம் செய்து பாருங்கள். மாற்றத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு செய்தி எழுதும்போது, சேரக் கூடாத வரி அங்கேயே கண்ணில் படும். கிட்ஹப்பில் 'ரீபேஸ் அண்ட் மெர்ஜ்' பொத்தானை அணைத்துவிட்டோம். கோடும் வரலாறும் இருக்கும் ரிப்போவை குளோன் செய்து நகலெடுக்கும்போது ஒருவரின் கிட் அமைப்புகள் மற்றவருக்குப் போவதில்லை, அதனால் எல்லாவற்றையும் ஒரு சின்ன ஸ்கிரிப்டாக எழுதி ரிப்போவுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். புதிதாக வருபவர் முதல் நாளில் அதை ஒருமுறை ஓட்டிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.